நகராட்சி கவுன்சிலர்: நிற்பது எப்படி, ஜெயித்தால் என்ன வேலை?

சுயேச்சையாக நகராட்சி வார்டில் நிற்க என்ன தேவை, ஜெயித்தால் என்ன அதிகாரம் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு நடைமுறையைச் சொல்கிறேன்.

வார்டுகளில் பாதி பெண்களுக்கானவை. முதலில் உங்கள் வார்டின் ஒதுக்கீட்டைப் பாருங்கள். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த நகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உங்கள் வேட்புமனுவில் உங்களை முன்மொழிந்து கையெழுத்திடுபவர் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். பக்கத்துத் தெருக்காரர் நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டிருப்பார். வார்டு மறுவரையறையில் அவர் தெரு அடுத்த வார்டுக்குப் போயிருக்கும். பரிசீலனையில் மனு தள்ளுபடி! பாகம் எண், வரிசை எண்ணை வாக்காளர் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள். சொத்துவரி பாக்கியையும் முன்பே கட்டிவிடுங்கள். 2022 தேர்தலில் வைப்புத்தொகை 2,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பாதி. தோற்றாலும் 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும்.

கவுன்சிலர் தன்னிச்சையாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது. ஒரு தெருவுக்குக் கால்வாய் வேண்டுமென்றால் பொறியாளரிடம் மதிப்பீடு வாங்கி, மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி, டெண்டர் விட்டுத்தான் வேலை தொடங்கும். அதனால் உங்கள் உண்மையான ஆயுதம் அஜெண்டா தாள், அதாவது மன்றக் கூட்டத்தில் எடுக்கப்போகும் விஷயங்களின் பட்டியல். கூட்டத்துக்கு முன்பே அதைப் படித்து, சொல்லப்பட்ட தெருவுக்கு நேரில் போய் நீளத்தை அளந்துவிட்டு வாருங்கள். 120 மீட்டர் என்று எழுதிய இடத்தில் 80 மீட்டர்தான் இருந்தால் மன்றத்தில் கேளுங்கள், பதிவு செய்யச் சொல்லுங்கள். நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் கவுன்சிலர்களின் வாக்குதான்.