வெல்லம் போட்டதும் பால் திரிகிறதே! லண்டன் அடுப்பில் சர்க்கரைப் பொங்கல்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகை ஃப்ளாட்டில் இருக்கிறோம். கண்ணாடித் தளம் போட்ட செராமிக் மின் அடுப்பு. போன தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தபோது வெல்லம் போட்டதும் பால் திரிந்துவிட்டது. அரிசியும் குழையாமல் விதை விதையாக நின்றது. வழிந்த பால் கருகிப் புகை அலாரம் வேறு அலறியது. இந்த முறை மாமியார் ஊரிலிருந்து நெய்யும் வெல்லமும் பார்சலில் அனுப்புகிறேன் என்கிறார். இங்கே கடையில் ‘பொங்கல் கிட்’ என்றும் விற்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பால் திரிந்ததும் அரிசி குழையாததும் ஒரே தவறின் இரண்டு விளைவுகள். வெல்லம் சீக்கிரம் விழுந்துவிட்டது.

வெல்லத்தில் இயல்பாகவே லேசான புளிப்பு உண்டு. நாள்பட்டுக் கசிந்து பிசுபிசுத்த வெல்லத்தில் அது கூடும். கொதிக்கிற பாலில் அதைப் போடுவது எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரிதான். அரிசி சங்கதி வேறு. இனிப்பு தண்ணீரைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும், அரிசிக்குள் போகவிடாது. அரைவேக்காட்டில் இனிப்பு சேர்ந்துவிட்டால் பிறகு ஒரு மணி நேரம் கிண்டினாலும் கைதான் வலிக்கும். ஊரில் புத்தரிசி, சீக்கிரம் குழைந்துவிடும். இங்கே கப்பலில் வந்து கடையில் கிடக்கும் அரிசி பழையது, தண்ணீரும் நேரமும் கூடக் கேட்கும்.

அளவு இது: நாலைந்து பேருக்கு 200 கிராம் பச்சரிசி, 50 கிராம் பாசிப்பருப்பு, 750 மில்லி தண்ணீர், 500 மில்லி பால், 350 கிராம் வெல்லம், 80 கிராம் நெய். அரிசி சோனா மசூரி பச்சரிசியாக இருக்கட்டும். மூட்டையில் புழுங்கலா பச்சையா என்று படித்துப் பார்த்து எடுங்கள், இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். கிடைக்காவிட்டால் வெள்ளைக்காரர் சூப்பர் மார்க்கெட்டில் ‘புட்டிங் ரைஸ்’ என்ற குட்டை அரிசி இருக்கும். பாலில் குழைவதற்கென்றே விற்கும் அரிசி அது. பாஸ்மதி வேண்டாம். பால் நீல மூடி போட்ட முழுக் கொழுப்புப் பால். பச்சை மூடியும் சிவப்பு மூடியும் காபிக்குப் போதும், பொங்கலுக்குக் காணாது.

பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, அரை மணி நேரம் ஊறவிடுங்கள். லண்டன் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர், கெட்டிலில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்திருப்பீர்களே. அதில் பருப்பு முரண்டு பிடிக்கும், அதனால் ஊறல் அவசியம். குக்கரில் 750 மில்லி தண்ணீரோடு நான்கு விசில். திறந்ததும் கரண்டியால் மசியுங்கள். இரு விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக்கூடாது. தெரிந்தால் கொஞ்சம் வெந்நீர் விட்டு மறுபடி வேகவையுங்கள். இதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண்.

பால் பொங்குவதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 14 செ.மீ. அகலமுள்ள, கைப்பிடி வைத்த சின்னப் பால் பாத்திரத்தில் அரை லிட்டரையும் ஊற்றிக் காய்ச்சுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தாம்பாளம். நுரை விளிம்புக்கு ஏறும் நொடியில் பாத்திரத்தைத் தூக்கித் தாம்பாளத்தின் மேல் பிடித்தால் வழிவது அதில் வழியும். ஒரு கை அரிசியை அப்போது போட்டு ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லிக்கொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செராமிக் அடுப்பு அணைத்த பிறகும் சூடு விடாது. அதன் மேல் வழிந்த பால்தான் கருகிப் புகைந்து உங்கள் அலாரத்தை எழுப்பியது. சமையலறைக் கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, புகை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை மாட்டும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெல்லப்பாகு அடுப்பின் கண்ணாடியில் சிந்தினால் மட்டும் ஆறவிடாதீர்கள். ஆறினால் கண்ணாடியோடு ஒட்டி, பெயர்க்கும்போது சில்லு எடுத்துவிடும். சூட்டோடு ஸ்கிரேப்பரால் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் டெபாசிட்டில் கைவைக்க வீட்டு ஏஜெண்டுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

பொங்கிய பாலை மசித்த சோற்றில் ஊற்றிச் சிறு சூட்டில் கால் மணி நேரம் கிளறுங்கள். இதற்குள் வெல்லத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, வடிகட்டி வைத்திருக்க வேண்டும். பாகுப் பதம் எல்லாம் தேவையில்லை, மண் போனால் போதும். சோறு கெட்டியானதும் அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான வெல்லத் தண்ணீரை மூன்று தவணையாக ஊற்றிக் கலக்குங்கள். பாலில் மாவுச்சத்து நன்றாகக் கரைந்து கெட்டிப்பட்ட பிறகு திரிவது அரிது. பிறகு மீண்டும் சிறு சூட்டில் ஐந்து நிமிடம், நெய்யோடு. முந்திரி, திராட்சை, ஏலக்காய் உங்கள் கை. பச்சைக் கற்பூரம் போடுவதானால் கடுகளவு, அதுவும் சமையலுக்கென்று எழுதியிருப்பது மட்டும். சாமிக்கு ஏற்றும் கற்பூரம் வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. ஈஸ்ட் ஹாமில் உங்கள் பக்கத்து வீடு யாழ்ப்பாணத்துக்காரர்களாக இருந்தால் அவர்கள் வேறு வரிசை சொல்வார்கள், குழம்பாதீர்கள். அவர்கள் புக்கைக்கு, அதாவது பொங்கலுக்கு, தேங்காய்ப்பால் சேர்ப்பார்கள். மாட்டுப்பால் திரிவது போல அது வெல்லத்தால் திரியாது, ஆகவே வெல்லத்தோடு சேர்ந்தே கொதிக்கலாம். ஆனால் கெட்டித் தேங்காய்ப்பாலை நெடுநேரம் கொதிக்கவிட்டால் எண்ணெய் கக்கும். 400 மில்லி டின் ஒன்றை வாங்கினால் பாதியைத் தண்ணீர் கலந்து அரிசி வேகும்போதும், பாதியை இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பும் சேர்க்க வேண்டும். டின்னைத் திருப்பித் தேங்காய்ச் சாறு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பாதிக்கும் கீழே என்றால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். குளிரில் டின்னுக்குள் மேலே கட்டியாக உறைந்திருக்கும், கெட்டுப்போனதல்ல. வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துக் குலுக்கித் திறங்கள். அவர்கள் ‘சர்க்கரை’ என்று சொல்வது நம் வெல்லத்தைத்தான், வெள்ளைச் சீனியை அல்ல. குறிப்பு கேட்டு எழுதும்போது இதைக் கவனியுங்கள்.

மாமியாரின் நெய்க்கு வருவோம். அனுப்பச் சொல்லாதீர்கள். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குத் தனிநபர் பால் பொருள் எதையும் கொண்டுவரக் கூடாது, பையிலும் சரி, தபாலிலும் சரி. நெய் அதில் அடக்கம், பால்கோவாவும்தான். 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பாவிலிருந்து பாலாடைக்கட்டி கொண்டுவரவே தடை போட்டுவிட்டார்கள். கறிவேப்பிலைக்கும் தடை. இதை ஒரே வரியில் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி விமான நிலையத்தில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்? அந்த இடைவெளியில்தான் பார்சல் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். ‘ஸ்வீட்ஸ்னு எழுதி அனுப்பிடலாம்மா, ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். பெட்டியைப் பிடித்து அழித்தால் கிலோ கணக்கில் வாங்கிய பணம் திரும்பி வராது, அனுப்பியவர் பெயரில் எழுதியிருப்பதும் பொய்.

நெய்யை வீட்டிலேயே காய்ச்சுங்கள். உப்புப் போடாத வெண்ணெய் 250 கிராம், அடி கனமான பாத்திரம், சிறு சூடு, இருபது நிமிடம். சடசடப்பு அடங்கி, அடியில் படிந்த கசடு பொன்னிறமானதும் இறக்கி வடிகட்டினால் 200 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். இந்தப் பொங்கலுக்கு அது தாராளம்.

வெல்லம் பால் பொருள் அல்ல, அந்தத் தடையில் வராது. ஆனாலும் எந்த வெல்லம் என்பது கேள்வி. பளீரென்ற மஞ்சள் வெல்லத்தை அங்கேயும் வாங்கச் சொல்லாதீர்கள், இங்கேயும் வாங்காதீர்கள். சேலம் பக்கம் பொங்கல் சமயத்தில் ஆலைகளில் வெள்ளைச் சர்க்கரை மூட்டையும், நிறம் வெளுக்க வைக்கும் ஹைட்ரோஸும் பிடிபட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. அழுத்தமான பழுப்பு, உடைத்தால் மணல் போல் மினுங்காத உட்புறம், நாக்கில் வைத்தால் கரும்பு வாசம். அது போதும்.

‘கிட்’ விவகாரம்: அந்த வர்ணம் பூசிய மண்பானையைச் செராமிக் அடுப்பில் ஏற்றினால் கண்ணாடியும் கீறும், பானையும் விரியும். சாமி முன்னால் அரிசி நிரப்பி வைக்க அழகாக இருக்கும். உள்ளே இருக்கும் அரிசி, வெல்லம், கரும்புத் துண்டு, மஞ்சள் கொத்து நான்கையும் அதே கடையின் அலமாரிகளில் தனித்தனியே விலை பார்த்துக் கூட்டுங்கள், பிறகு வாங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

நேரம் பற்றியும் பதற்றம் வேண்டாம். ஜனவரி நடுவில் லண்டனில் சூரியன் எட்டு மணியை ஒட்டித்தான் உதிக்கும். ஊர்க் காலண்டரின் நல்ல நேரத்தைப் பிடிக்க நடு இரவில் எழ வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் பால் திரிந்தால் கீழே கொட்டிவிடாதீர்கள், அது கெட்டுப்போனதல்ல. அடுப்பை அணைத்து, இரண்டு கரண்டி நெய் விட்டு, மத்தால் அழுத்திக் கடைந்துவிடுங்கள். திரிதிரியாய் நின்றது சோற்றோடு மசிந்து கரைந்துவிடும், மாமியாருக்கு வீடியோ காலில் தெரியாது.