ஆசிரியர் தகுதி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பி.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறேன். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 1 எழுதலாமா? (தருமபுரி)

முடியாது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு பி.எட். செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. தாள் 1-க்கு டி.எல்.எட். (தொடக்கக் கல்விப் பட்டயம்) வேண்டும். உங்களுக்கு ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கான தாள் 2.

2013-ல் டெட் பாஸ். சான்றிதழ் காலாவதியா? (விருதுநகர்)

இல்லை. ஏழாண்டு வரம்பு 2021-ல் நீக்கப்பட்டது. 2011-லிருந்து தேர்ச்சி பெற்ற எல்லோருக்கும் ஆயுள் முழுக்கச் செல்லும்.

தாள் 2-ல் 95 மதிப்பெண். எப்போது பணி ஆணை வரும்? (சேலம்)

டெட் தகுதித் தேர்வு மட்டுமே. 2018-ன் அரசாணை 149 வந்ததிலிருந்து நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். இதை இங்கே பலமுறை எழுதியாயிற்று. தயவுசெய்து அறிவிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

என் பட்டத்தில் 'அப்ளைடு கெமிஸ்ட்ரி' என்று இருக்கிறது. வேதியியல்தானே, பட்டதாரி ஆசிரியர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாமா? (நாமக்கல்)

'தானே' என்று நினைத்துத்தான் பலர் வாய்ப்பை இழக்கிறார்கள். பட்டச் சான்றிதழில் அச்சான பெயர் அறிவிக்கையில் உள்ள பாடப் பெயரோடு பொருந்தாவிட்டால் இணைத்தன்மை அரசாணை, அதாவது இரண்டும் சமம் என்று அரசு தரும் ஆணை கேட்பார்கள். பாடத்திட்டம் முக்கால்வாசி ஒன்றுதான் என்று சரிபார்ப்பு மேசையில் வாதாடிப் பயனில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவரும் அங்கே நின்றுவிடுவார்.

உயர்கல்வித் துறை வெளியிட்ட இணைத்தன்மை ஆணைகளில் உங்கள் பல்கலைக்கழகம், பட்டப் பெயர் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். அதே பெயரில் வேறு பல்கலைக்கழகத்துக்கு வந்த ஆணை உங்களுக்கு உதவாது. ஆணையே இல்லையென்றால் எல்லாப் பருவப் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி இணைத்தன்மைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். அறிவிக்கைக்கு முந்தைய தேதியிட்ட ஆணை கையில் இருந்தால்தான் நிம்மதி.

புதுப்புதுப் பெயர்களில் பட்டப்படிப்பு தொடங்கும் கல்லூரிகள் சேர்க்கை நாளில் இதைச் சொல்வதே இல்லை. மூன்றாண்டுக் கட்டணம் வாங்கியவர்கள்தான் ஆணையையும் பெற்றுத் தந்திருக்க வேண்டும், அலைவதோ மாணவர்கள். பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோர், 'இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை ஆணை எண் என்ன?' என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

2005-ல் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியை, வயது 48. எனக்கும் டெட் கட்டாயமா? (கடலூர்)

ஆம். உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்தாண்டுக்குள் ஓய்வு பெறுவோர் பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுத வேண்டும். தீர்ப்பு மாறும் என்று காத்திருக்காமல் தாள் 1-க்குப் படிக்கத் தொடங்குங்கள். 150 கேள்வி, சைக்காலஜி, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், தலா 30. கணக்கை விட்டு வெகுநாளானவர்கள் முதலில் அதை எடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

தாள் 2-ல் எது எடுப்பது? நான் தமிழ் மேஜர். (தென்காசி)

கணிதம்-அறிவியல், சமூக அறிவியல் இரண்டில் எதையும் எடுக்கலாம். தமிழ் மேஜருக்குச் சமூக அறிவியல் எளிது.

முதுகலை ஆசிரியர் பணிக்கு டெட் வேண்டுமா? (மதுரை)

வேண்டாம். ஆனால் தமிழ்த் தகுதித் தாளில் 50-க்கு 20 எடுக்காவிட்டால் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். அறிவிக்கையில் தெளிவாக இருக்கிறது, படியுங்கள்.