அவர் என்ன சொன்னார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கும் என் அண்ணனுக்கும் பத்து வருடமாக அரசியலில் ஒத்துப்போவதில்லை. இப்போது பேச்சே நின்றுவிட்டது. அவர் படித்தவர், பிறருக்கு உதவுகிறவர். ஆனால் அரசியல் என்று வந்தால் வெறும் உணர்ச்சிதான். அண்மையில் ஜோனதன் ஹைட் என்ற உளவியலாளரின் கருத்தைப் படித்தேன். முற்போக்காளர்கள் பரிவையும் நியாயத்தையும் முதன்மையாகக் கொள்கிறார்கள், பழமைவாதிகள் அவற்றோடு விசுவாசம், அதிகாரத்துக்கு மரியாதை, புனிதம் ஆகியவற்றுக்கும் இடம் தருகிறார்கள் என்கிறார். அண்ணனின் சிக்கல் எனக்குப் புரிந்துவிட்டது. அவரை மாற்ற என்ன வழி? அவருக்குக் கொடுக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகம் கொடுக்காதீர்கள். திருத்துவதற்காகக் கொடுக்கப்படும் புத்தகத்தை அட்டையைப் பார்த்தே மனிதர்கள் கண்டுகொள்வார்கள்.

உங்கள் கடிதத்தை மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதம் நான்கு பக்கம். அண்ணன் பேசியதாக வரும் வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்ப்போம் என்று பென்சிலோடு உட்கார்ந்தேன். பென்சில் தாளைத் தொடவே இல்லை. அவர் குரல் உயர்ந்தது இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு போனது இருக்கிறது, யாருடைய பேச்சைக் கேட்டு அப்படி ஆனார் என்ற உங்கள் ஊகம் ஒன்றரைப் பக்கத்துக்கு இருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம்கூட இல்லை. நான்கு பக்கத்தில் ஒரு மனிதர் ஊமையாக நிற்கிறார்.

ஹைட்டும் அவருடைய சகாக்களும் அந்தப் பட்டியலைப் போட்டது எதற்காக என்று நினைக்கிறீர்கள்? எதிர்த்தரப்பிடம் இருப்பதும் அறம்தான் என்று காட்டுவதற்காக. நீங்கள் அதை மருத்துவரின் சீட்டுபோல வாசித்து, அண்ணனுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். 2012இல் ஜெஸ்ஸி கிரஹாம், பிரையன் நோசெக், ஹைட் மூவரும் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்காகவே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் அறம் பற்றிய கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். சிலர் தம் சொந்த விடையை எழுதினார்கள். மற்றவர்கள் ஒரு முற்போக்காளர் எப்படி எழுதுவார், ஒரு பழமைவாதி எப்படி எழுதுவார் என்று ஊகித்து எழுதினார்கள். எல்லோருமே இடைவெளியைப் பெரிதாக்கினார்கள். அதிகம் தவறியவர்கள் முற்போக்காளர்கள். அதிலும் தங்களைத் தீவிர முற்போக்காளர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். எதிர்த்தரப்புக்குப் பரிவும் நியாய உணர்வும் உண்மையில் இருப்பதைவிட மிகக் குறைவு என்று எண்ணிவிட்டார்கள். நானும் உங்கள் பக்கத்து ஆள்தான் என்பதால் இதை எழுதும்போது எனக்கும் சுடுகிறது.

பரிவு, நியாயம் என்று ஹைட் பட்டியலிடும் அற அடித்தளங்கள் ஐந்தா ஆறா, உளவியலாளர் கர்ட் கிரே சொல்வதுபோல எல்லாமே 'தீங்கு' என்ற ஒன்றுக்குள் அடங்குமா என்பதையெல்லாம் அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். அதற்குள் நீங்கள் போக வேண்டியதில்லை.

'வெறும் உணர்ச்சி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் விட மனமில்லை. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே அமெரிக்க பாணிக் கால்பந்தாட்டம் ஒன்று. ஒருவருக்கு மூக்கு உடைந்தது, இன்னொருவருக்குக் கால் முறிந்தது. ஆட்டத்தின் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எண்ணினார்கள் பிரின்ஸ்டன் மாணவர்கள். ஒரே ஆட்டம், ஒரே படம். அவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. உணர்ச்சி வந்து தீர்ப்பைக் கெடுத்தது என்றால்கூடப் பரவாயில்லை. அதற்கு முன்பே கண்ணைப் பிடித்துக்கொண்டது. அண்ணனின் கண்ணை மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். அண்ணன் சொன்ன ஒரு வாக்கியம். அவரே படித்துவிட்டு, "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளக்கூடிய வாக்கியம்.

விசுவாசம் என்பதைப் பழமைவாதிகளின் நோய்போல எழுதுகிறீர்கள். வேலைநிறுத்தம் எதிலாவது நின்றிருக்கிறீர்களா? நான் நின்றிருக்கிறேன். மூன்றாம் நாள் காலை, என் பக்கத்து மேசைக்காரர் எங்களைத் தாண்டி உள்ளே போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தார். பின்னாலேயே போனேன். பேனா மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். சட்டைப்பையின் கீழே நெல்லிக்காய் அளவுக்கு ஊதாநிற மைக்கறை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, ஏன் வந்தேன் என்று சொன்னார். அரை நிமிடமாவது பேசியிருப்பார். நான் கேட்டேன், பதிலும் சொன்னேன். கறையின் வடிவத்தை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும். அவர் சொன்ன காரணத்தில் ஒரு சொல்கூட நினைவில்லை.

ஏனென்றால் அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குக் காரணம் தெரியும். பதவி உயர்வு. அந்த வருடம் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். 'ஆசைப்பட்டு ஏமாந்தார்' என்று கணக்கைத் திருத்தி எழுதிக்கொண்டேன். இந்த நோய்க்கும் ஆய்வு இருக்கிறது. 2014இல் உளவியலாளர் ஆடம் வெய்ட்ஸும் சகாக்களும் அமெரிக்காவின் இரு கட்சியினரையும், இஸ்ரேலியரையும் பாலஸ்தீனியரையும் கேட்டார்கள். தம் பக்கத்தைச் செலுத்துவது அன்பு, எதிர்ப்பக்கத்தைச் செலுத்துவது வெறுப்பு என்றே எல்லாப் பக்கமும் விடை வந்தது. எனக்கு ஆய்வு எதற்கு? பதவி உயர்வு கிடைக்காத ஒருவரை அதற்காகவே இருபது வருடம் பேசாமல் தண்டித்தவன் நான்.

பத்து வருடச் சண்டைக்குப் பிறகும் அண்ணனைப் பற்றி யாரோ ஒருவனுக்கு நான்கு பக்கம் எழுதுகிறீர்கள். பிரியம் தீர்ந்தவர் அரைப் பக்கம்கூட எழுதமாட்டார். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

ஒரு பணி ஓய்வு விழாவில் அந்தப் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. சுற்றி வளைக்காமல், "அன்றைக்குக் காரணம் சொன்னீர்களே, அது என்ன?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். அவருக்கும் மறந்துவிட்டிருந்தது. வெட்கத்தோடு சிரித்தார்.

"ஆனால் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது" என்றார்.

நான் சொன்னதை அப்படியே சொன்னார். கடைசிச் சொல் கருங்காலி. அதற்கு முன்னால் நான் விட்டிருந்த சிறு இடைவெளியையும் விட்டுச் சொன்னார்.