போனவரை அழைப்பது

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியில் பிறந்து, வேலைக்காக டர்பன் வந்து, இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் பெண் எடுத்தவன் நான். மாமனாரும் மைத்துனனும் கைசர் சீஃப்ஸ் என்ற ஜோகன்னஸ்பர்க் கால்பந்து கிளப்பின் வெறியர்கள். அங்கே பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் வீட்டில் ஒரு பழைய வழக்கு எழும். 2021இல் ஸ்டூவர்ட் பேக்ஸ்டரைத் திரும்ப அழைத்தது சரி, பாதியில் அனுப்பியதுதான் தப்பு என்பார் மாமனார். அழைத்ததே மடத்தனம், போனவன் திரும்பி வந்து எங்கே உருப்பட்டான் என்பான் மைத்துனன். போன ஞாயிறு இருவரும் சாப்பாட்டை விட்டே எழுந்துவிட்டார்கள். அந்தப் பெயரை எடுத்தாலே என் மனைவி உள்ளே போய்விடுவாள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் நியாயம் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் யார் பக்கம்?

ம., டர்பன்

அன்புள்ள ம.,

மருமகனிடம் பஞ்சாயத்து வருகிறதென்றால் அந்த வீட்டில் உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு என் மாமனார் வீட்டில் பத்து வருடம் ஆனது.

மாமனாரின் வாதத்தில் சத்து இருக்கிறது. 2012இல் வந்த பேக்ஸ்டர் முதல் பருவத்திலேயே லீக்கையும் நெட்பேங்க் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். 2015இல் மறுபடியும் லீக். வென்ற கையோடு துருக்கிக்குப் போய்விட்டார். அதன்பிறகு ஆண்டுகள் போயின, ஒரு கோப்பையும் வரவில்லை. 2020 செப்டம்பரில் கடைசி நாள் ஆட்டத்தில் லீக்கைப் போட்டி கிளப்பான சன்டவுன்ஸிடம் பறிகொடுத்தார்கள். அன்று சீஃப்ஸை நடத்திய மிடன்டார்ப்பும் ஏற்கெனவே ஒருமுறை இருந்துவிட்டுப் போய், திரும்ப அழைக்கப்பட்டவர்தான். ஆக, இது அந்தக் கிளப்பின் பழக்கம். புதியவரைத் தேடுவதற்குப் பதில் பழைய டைரியைப் புரட்டுகிறார்கள்.

போனவர் திரும்பினால் உருப்படாது என்ற மைத்துனனின் சட்டமும் நிற்காது. பயிற்சியாளர் ஸிடான் 2019இல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே அந்நாட்டு லீக்கான லா லிகாவை வென்றார். அன்செலோட்டி அதே கிளப்புக்கு இரண்டாம் முறை வந்து இரண்டு ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் எடுத்தார். ஆனால் அவர்கள் கையில் அதற்கேற்ற அணி இருந்தது. பேக்ஸ்டர் வந்தபோது 2013இல் ஆடிய ஷபலாலாவும் இல்லை, லெட்ஷோலோன்யானேயும் இல்லை. ஆட்டக்காரர்களை வாங்கக்கூடாது என்ற ஃபிஃபா தடையில் கிளப் அப்போதுதான் அடிபட்டு எழுந்திருந்தது. ஜூனில் அழைத்தார்கள், 2021 ஜூலை 17 அன்று காசாபிளாங்காவில் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக் இறுதி. அதுவரை அணியைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மற்றவர்கள். எகிப்தின் அல் அஹ்லியிடம் 3–0 என்று தோற்றார்கள். எதிர்ப்பக்கம் பயிற்சியாளராக நின்றவர் நம் தென்னாப்பிரிக்க பிட்ஸோ மொசிமானே என்பது கூடுதல் எரிச்சல். 2022 ஏப்ரலில் பேக்ஸ்டரை அனுப்பினார்கள். பருவம் முடியச் சில ஆட்டங்களே பாக்கி, அதுவரை பொறுத்திருக்கலாம். அந்த அளவுக்கு நான் மாமனார் கட்சி.

ஒன்று செய்யுங்கள். மாமனாரிடம் மேனிங் ரேஞ்சர்ஸ் என்று சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். 1996–97இல் பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே பட்டம் வென்றது ஜோகன்னஸ்பர்க் பெரிய கிளப் எதுவும் அல்ல, சாட்ஸ்வொர்த் மண்ணின் இந்த அணி. பயிற்சியாளர் கார்டன் இகெசுன்ட். அப்பாவும் நானும் மரப்பலகையில் உட்கார்ந்து ஆளுக்கொரு 'பன்னி சாவ்', அதாவது குடைந்த கால் ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது, வாங்கி வைத்திருப்போம். கோல் விழுந்த வேகத்தில் அப்பா எழுந்தால் ரொட்டிக்குள்ளிருந்த பீன்ஸ் குழம்பு என் சட்டையில் விழும். மஞ்சள் கறை போகாது. அம்மா அந்தச் சட்டையை 'ஃபுட்பால் சட்டை' என்றே ஒதுக்கிவைத்திருந்தார். இகெசுன்ட் பிறகு பைரேட்ஸ், சான்டோஸ், சன்டவுன்ஸ் என்று வேறு மூன்று கிளப்களுக்கும் லீக் வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம் வீட்டில் படித்த பிள்ளை" என்பார். ரேஞ்சர்ஸ் கடனில் மூழ்கி, விற்கப்பட்டு, கேப் பக்கம் போய்ச் சேர்ந்தது. எங்கள் தெருவில் பலர் சீஃப்ஸின் தங்க நிறச் சட்டைக்கு மாறியது அதற்குப் பிறகுதான். சொந்தக் கிளப்பே கைவிட்டுப் போனவர்களுக்கு, போன ஒருவர் திரும்பி வருகிறார் என்ற செய்தி என்னவாக ஒலிக்கும் என்று மைத்துனனுக்குச் சொல்லிப் பாருங்கள். அவனுக்கு அந்த வயது இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடம். பெயரை எடுத்தாலே மனைவி எழுந்து உள்ளே போகிறார் என்கிறீர்கள். 2021 பிப்ரவரியில் பேக்ஸ்டர் இந்தியாவில், ஒடிசா கிளப்பில் இருந்தார். ஓர் ஆட்டத்தில் பெனால்டி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில், அது கிடைக்க என் ஆட்டக்காரர் யாரையாவது பாலியல் வன்முறை செய்ய வேண்டும், அல்லது தானே அதற்கு ஆளாக வேண்டும் என்ற பொருளில் கேமரா முன் பேசினார். கிளப் உடனே வெளியே அனுப்பியது. நான்கு மாதத்தில் இங்கே நாற்காலி போட்டார்கள். என் மகள் அன்று சீஃப்ஸ் சட்டையை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். நானும் என் தம்பியும் கூடத்தில் ஆட்டக்காரர்களை நிறுத்தும் வியூகம் நான்கு-மூன்று-மூன்றா, நான்கு-நான்கு-இரண்டா என்று கத்திக்கொண்டிருந்தோம். 2025 மே 10 அன்று, மோசஸ் மபிடா அரங்கில் சீஃப்ஸ் 2–1 என்று பைரேட்ஸை வென்று பத்து வருடக் கோப்பைப் பஞ்சம் தீர்த்த நாளில்தான் அந்தச் சட்டையை வெளியே எடுத்தாள். இடைப்பட்ட நான்கு வருடமும் ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆட்டத்தில் ஆர்வம் போய்விட்டது போல என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

யார் பக்கம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கட்சி மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. மனைவி இதற்காகத்தான் எழுந்து போகிறாரா, அல்லது அப்பாவும் தம்பியும் போடும் கூச்சல் தாங்காமலா என்று இங்கிருந்து நான் எப்படிச் சொல்வது? கேட்டு எழுதுங்கள்.