சக்கர நாற்காலி உதவி கேட்டிருக்கும் அம்மாவை விமான நிலைய லவுஞ்சில் உட்கார வைக்கலாமா, கேட் பக்கத்திலேயே இருப்பது நல்லதா?

74 வயது அம்மா, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சென்னையிலிருந்து டெல்லி வழியாக வெளிநாடு, டெல்லியில் 5 மணி நேரம் காத்திருப்பு, லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) கார்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லவுஞ்சுக்கே அழைத்துப் போங்கள். உள்ளே போவது சுலபம்தான். அங்கிருந்து நேரத்துக்கு வெளியே வருவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் டிக்கெட்டில் என்ன குறியீடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், தூரம்தான் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏறவே முடியாது, விமானத்துக்குள் இருக்கை வரை நடந்துவிடுவார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்கும் உதவி வேண்டும். ஏஜென்ட் மூலம் எடுக்கும் டிக்கெட்டில் கேட்காமலேயே முதல் குறியீட்டைப் போட்டுவிடுவது சகஜம். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு அது பெரும்பாலும் தவறு. விமானம் தள்ளி நின்று பஸ்ஸில் கூட்டிப்போனால், படி ஏறக்கூடியவர் என்று எழுதியிருக்கும் பயணிக்கு ஆம்புலிஃப்ட் (நாற்காலியோடு விமானக் கதவு வரை தூக்கிவிடும் வண்டி) ஏற்பாடு ஆகியிருக்காது. புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்துக்கு போன் செய்து மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து நாற்காலி. விமான நிலையத்தில் பெரும்பாலும் தருவது சின்னச் சக்கரம் வைத்த, பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால் மட்டுமே நகரும் வகை. உட்கார்ந்திருப்பவர் தானாக ஓர் அடி நகர முடியாது. தள்ளி வரும் பணியாளருக்கு ஒரே நேரத்தில் பல பயணிகள் இருப்பார்கள். லவுஞ்ச் வாசலில் இறக்கிவிட்டு, நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் மேல் தப்பில்லை, ஆள் எண்ணிக்கை அப்படி. அதனால் செக்-இன் கவுன்டரிலேயே மூன்று விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள்: எந்த லவுஞ்ச் என்று அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்ப வருவார்கள் என்று சொல்ல வேண்டும், வராவிட்டால் கூப்பிட உதவி மேசையின் எண்ணைத் தர வேண்டும்.

அந்த நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? உள்நாட்டு விமானத்தில் கேட் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பு மூடும். சக்கர நாற்காலிப் பயணிகளை மற்றவர்களுக்கு முன்பே ஏற்றுவார்கள், ஆம்புலிஃப்ட் என்றால் இன்னும் முன்னால். உள்நாட்டுக்கு 70 நிமிடம், வெளிநாட்டுக்கு 90 நிமிடம் முன்பு லவுஞ்சை விட்டுக் கிளம்பும்படி வைத்துக்கொள்ளுங்கள். பல லவுஞ்சுகள் ஒரு மாடி மேலே இருப்பதால் மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரமும் இதில் சேரும். நம் ஊர் விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது ஏறுவதற்கான அறிவிப்பு ஒலிபெருக்கியில் வராது. போனில் அலாரம் வையுங்கள், லவுஞ்ச் வரவேற்பிலும் சொல்லி வையுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தானாக நகர முடியாத நாற்காலியில் இருக்கும் பயணியை விமான நிறுவனம் 30 நிமிடத்துக்கு மேல் கவனிக்க ஆளில்லாமல் விடக் கூடாது என்பது அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதி. தயங்காமல் கேட்கலாம்.

கார்டு விஷயம் சுருக்கமாக. அம்மாவுக்கும் உங்களுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். பல கார்டுகளில் கூட வருபவருக்குக் கட்டணம் உண்டு. நிறைய லவுஞ்சுகள் 2 அல்லது 3 மணி நேரம்தான் இருக்க விடும். உங்கள் 5 மணி நேரத்தில் முதல் பகுதியைக் கேட் பக்கம் கழித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தை ஒட்டி உள்ளே போவது நல்லது.

இப்போது இருக்கை. பலரும் கவனிக்காத இடம் இதுதான். லவுஞ்ச் சோபா தாழ்வாகவும் மெத்தென்றும் இருக்கும். உட்கார்ந்ததும் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடும். அங்கிருந்து எழ உடம்பின் முழுப் பாரத்தையும் தொடைத்தசையும் முழங்காலும்தான் தூக்க வேண்டும், அவருக்கு வலிப்பதும் அங்கேதான். இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்து சில வாரங்களே ஆனவர் என்றால் தாழ்ந்த சோபா ஆபத்தும்கூட, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பார். 45 முதல் 50 செ.மீ. உயரம், அமுங்காத அடிப்பகுதி, இரண்டு பக்கமும் கைப்பிடி: இப்படி ஒன்றைத் தேடுங்கள். பெரும்பாலும் சாப்பாட்டு மேசை நாற்காலிதான் இதற்குப் பொருந்தும். பாதம் தரையில் முழுதாகப் பதிந்து, தொடை முழங்காலை நோக்கி லேசாகச் சரிந்திருந்தால் உயரம் சரி. சோபா மட்டுமே கிடைத்தால், போர்வையை இறுக்கமாக மடித்து அடியில் வையுங்கள். எழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்பட்டை போய்விடும். இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, கைப்பிடியை ஊன்றி அவரே எழட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் சாம்பார்க் கிண்ணம் என்று பஃபே வரிசைக்கு அனுப்பாதீர்கள். ஊழியரிடம் கேட்டால் மேசைக்கே கொண்டுவருவார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இடம் பிடிக்கும் முன் கழிப்பறையை நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சக்கர நாற்காலியின் அகலமே சுமார் 65 செ.மீ. இருக்கும், கதவு 75 செ.மீ. திறந்தால்கூட கை உரசும். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் 90 செ.மீ. கதவையும், நாற்காலி திரும்ப 150 செ.மீ. இடத்தையும் கேட்கின்றன. பிடிகம்பியை உங்கள் எடையைப் போட்டு அழுத்திப் பாருங்கள், ஆடினால் நம்ப வேண்டாம். ஹெல்த் ஃபாசெட் (கழுவப் பயன்படும் கைக்குழாய்) தண்ணீரில் தரை ஈரமாக இருந்தால் துடைக்கச் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள். இது எதுவும் சரியில்லை என்றால் லவுஞ்சை விடுங்கள், நல்ல கழிப்பறைக்கு அருகிலிருக்கும் கேட்தான் அம்மாவுக்கு வசதி.

கேள்விக்கு வெளியே போகிறேன், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளி கழிப்பறையைப் பூட்டி வைத்து, உள்ளே மாப்பும் வாளியும் அடுக்கும் பழக்கம் நம் நாட்டில் எந்தப் பொதுக் கட்டடத்தையும் விடவில்லை. அணுகல்தன்மைத் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சாவி யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடம் சிறுநீரை அடக்க முடியாத ஒருவருக்கு எவ்வளவு பெரிய அவமானம்!

நடக்கத் தெரிந்தவர்களே வரிசையைத் தவிர்க்க நாற்காலி கேட்கிறார்கள் என்று கீழே சிலர் எழுதக்கூடும். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் முப்பது அடி நடப்பவரால் டெல்லி மூன்றாம் முனையத்தின் நீளத்தை நடக்க முடியாது. வெளியிலிருந்து பார்த்து முழங்காலை அளக்க முடியாது.

இரண்டு விமானமும் வேறு வேறு டிக்கெட் என்றால், சென்னையில் பதிந்த உதவி டெல்லியிலிருந்து போகும் விமானத்துக்குத் தானாகப் போகாது. இரண்டு நிறுவனத்துக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். டெல்லியில் முதலாம் முனையத்தில் இறங்கி மூன்றாம் முனையத்தில் ஏறுவதாக இருந்தால், இடையில் சாலைவழிப் பயணம் உண்டு. அந்த வண்டியில் அம்மா ஏறப் படி எவ்வளவு உயரம் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள்.