வாத்தியார் க்ளீசன் – கடிதம்

அன்புள்ள அக்கா,

போன வாரம்தான் 'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' பாத்தேன். கொலின் ஃபேரல் தெரிஞ்ச மூஞ்சி, ஆனா அந்த ஃபிடில் வாசிக்கிற பெரியவர்தான் மனசுல அப்படியே உக்காந்துட்டார். யாருன்னு தேடினா பிரெண்டன் க்ளீசன், அயர்லாந்துக்காரர், அட நம்ம ஹாரி பாட்டர்ல வர்ற மேட்-ஐ மூடி! ஸ்கூல் வாத்தியாரா இருந்து வேலைய விட்டுட்டு நடிக்க வந்தவர்னு ஒரு ரீல்ஸ்ல போட்டிருந்தாங்க. நானும் பிரைவேட் ஸ்கூல் வாத்தியார்தான். பத்து வருஷமா இங்கிலீஷ் எடுக்கறேன், ஞாயித்துக்கிழமைல ஒரு நாடகக் குழுவுல நடிக்கறேன், வயசு 34. க்ளீசன் மாதிரியே நானும் வருஷங்கள வீணடிச்சுட்டேன்னு தோணுது. வர்ற மே மாசம் ரிசைன் பண்ணிடலாமா? இன்னும் சில கேள்விகள். இவ்ளோ நல்ல நடிகர் ஏன் ஹீரோ ஆகல? ஏன் டிவி சீரிஸ்லாம் பண்றார்? அவங்க ஆக்சென்ட் புரியாம சப்டைட்டில் போட்டுப் பாக்கறது தப்பா? எதெத பாக்கணும்னு ஒரு லிஸ்ட் தர முடியுமா?

(பேர் போட வேண்டாம் அக்கா.)

தம்பி,

சப்டைட்டில் தாராளமா போட்டுப் பாருங்க, யாரும் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்க. லிஸ்ட் தர மாட்டேன். லிஸ்ட் கேக்கறவங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கறாங்க, படம் பாக்கறதில்ல.

அந்த ரீல்ஸ் எனக்கும் வந்துச்சு. பின்னாடி சோகமா ஒரு பியானோ, 'வயசு ஒரு தடையே இல்ல'ன்னு பெருசா எழுத்து. அன்னையிலேருந்து இந்த மனுஷனப் பத்தி எழுதணும்னு கை அரிச்சுட்டே இருந்துச்சு, உங்க லெட்டர் வந்து நல்லா மாட்டிக்கிச்சு. அதுலயும் "க்ளீசன் மாதிரியே வீணடிச்சுட்டேன்"னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. யார் சொன்னா அவர் வீணடிச்சார்னு?

1955-ல டப்ளின்ல பொறந்தவர், முழுநேர நடிப்புக்கு வந்தது 1991-ல. வயசு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. நடுவுல பல வருஷம் டப்ளினுக்கு வடக்க பெல்கேம்ப் காலேஜ்னு ஒரு கத்தோலிக்க ஸ்கூல்ல (பேர்தான் காலேஜ், 2004-ல மூடிட்டாங்க) ஐரிஷும் இங்கிலீஷும் எடுத்தார். ரீல்ஸ்காரன் இதோட நிறுத்திட்டு நேரா ஆஸ்கர் நாமினேஷனுக்குப் போயிடறான். அவன் தாண்டிப் போன எடத்துலதான் விஷயமே இருக்கு. அந்த 80-கள்ல பகல்ல பாடம், சாயங்காலம் நாடகம்னு இருந்தவர் அவர். 1984-ல பால் மெர்சியர் ஆரம்பிச்ச பேஷன் மெஷின்னு ஒரு குழு, டப்ளின் உழைக்கிற சனங்களோட கதைய அவங்க பேசற மாதிரியே மேடைல போட்ட குழு, அதுல நடிச்சார், நாடகம் எழுதவும் செஞ்சார். மெர்சியரும் வாத்தியார். அந்தக் குழுவுக்கு ஆரம்பத்துல நாடகம் எழுதிக் கொடுத்த ராடி டாயலும் வாத்தியார், ரெண்டு பேரும் டப்ளின்லயே கில்பாரக்னு ஒரு ஏரியால ஒரே ஸ்கூல். டாயல் 1993-ல புக்கர் வாங்கினாரே, அந்த வருஷம்தான் வாத்தியார் வேலைய விட்டார். அதாவது அன்னைக்கு டப்ளின் மேடைல பாதி ஸ்டாஃப் ரூம்தான் நின்னுட்டு இருந்திருக்கு! இவங்க யாருக்கும் சம்பளம் வர்ற வேலை நாடகத்துக்கு எதிரியா இருக்கல, அதுதான் அரிசி வாங்கிக் கொடுத்துச்சு.

இன்னொண்ணையும் பாருங்க. 1990-ல 'தி ஃபீல்ட்'ல கண்ண மூடித் திறந்தா போயிடற ரோல். 1991-ல ஐரிஷ் டிவி ஆர்டிஇ எடுத்த 'தி ட்ரீட்டி'ல, அயர்லாந்து விடுதலைக்குப் போராடின தலைவர் மைக்கேல் காலின்ஸா லீடு ரோல். வேலைய விட்டதும் அதே 1991. குதிச்சார் குதிச்சார்ங்கறீங்களே, தண்ணி எவ்ளோ ஆழம்னு கால விட்டுப் பாத்துப் பாத்து இடுப்பளவு வந்தப்புறம் இறங்கின மனுஷன். இத யாரும் ரீல்ஸா போட மாட்டான், போட்டா லைக் வராது.

சரி, நான் சொல்ல வந்தது இதுகூட இல்ல.

எங்க ஒன்பதாம் கிளாஸ் ஹிஸ்டரி டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் வர்ற பீரியட் அவங்களோடது, பாதி கிளாஸ் தூங்கும், மீதி பாதி கத்தும். அவங்க டேபிளத் தட்ட மாட்டாங்க, ஸ்கேல எடுக்க மாட்டாங்க. உள்ள வருவாங்க, தண்ணி பாட்டிலத் தெறந்து ஒரு வாய் குடிப்பாங்க, அப்புறம் அந்த மூடிய மெதுவாத் திருகி மூடுவாங்க, எங்க யாரையும் பாக்காம, என்னமோ உலகத்துலயே அது ஒண்ணுதான் வேலைங்கற மாதிரி. மூடி இறுகறதுக்குள்ள கிளாஸ் அடங்கிடும். அது எப்படின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. அதட்டற டீச்சர்களோட பேரெல்லாம் மறந்துபோச்சு, அந்தம்மா விரல் மட்டும் ஞாபகம் இருக்கு.

க்ளீசன ஸ்க்ரீன்ல பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தப் பாட்டில் மூடி ஞாபகம்தான் வருது. நாப்பது பசங்களுக்கு முன்னால தினமும் நின்னவனுக்குத்தான் சும்மா நிக்கத் தெரியும். நீங்க பாத்த படத்துலயே ஒரு சீன் இருக்கு, ஒழுங்கா பாத்தீங்களான்னு தெரியல. ஃபேரல போலீஸ்காரன் அடிச்சு ரோட்டுல தள்ளிட்டுப் போவான். இனிமே உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு சொன்ன க்ளீசன் வந்து, தூக்கி வண்டில உக்கார வச்சு, பக்கத்துல ஏறி, கடிவாளத்தப் பிடிச்சு ஓட்டுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஃபேரல் உடைஞ்சு அழுவார், இவர் ரோட்டத்தான் பாத்துட்டு இருப்பார். ரோடு பிரியற எடத்துல கடிவாளத்த அவர் கைல கொடுத்துட்டு இறங்கி நடந்துடுவார். வேற யாராவதா இருந்தா ஓரக்கண்ணுல தண்ணி கட்டியிருப்பான், தொண்டைய அடைச்சிருப்பான். இவர் ஒண்ணுமே பண்ணல, நமக்கு இங்க நெஞ்சு பிசையுது. இத எந்த ஆக்டிங் ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க சொல்லுங்க?

ஹாரி பாட்டர் நாலாம் படத்துல (2005) அந்த மேட்-ஐ மூடி வாத்தியாரா கிளாஸ் எடுக்கற சீனத் திரும்பப் போட்டுப் பாருங்க. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிட்டு இருக்கறவர், முதுக காட்டிக்கிட்டே, சூயிங்கம்ம பெஞ்சுக்கு அடில ஒட்டாதேன்னு ஃபின்னிகன் பையன அதட்டுவார். பையன் ஏதோ முணுமுணுத்ததும் சாக்பீஸ் பறந்து வரும். எல்லாரும் அந்த கேரக்டருக்கு இருக்கற மாயக்கண்ணு வேலைன்னு சிரிச்சாங்க, எனக்கு மாயமாவே தெரியல, எந்த ஸ்டாஃப் ரூம்ல கேட்டாலும் சொல்வாங்க. (கதைப்படி அது மூடியே இல்ல, மூடி வேஷம் போட்ட வேற ஆளு. ஒரு முன்னாள் வாத்தியார், வாத்தியாரா நடிக்கற ஒருத்தனா நடிக்கறார், தலை சுத்துதா?) அந்த ஃபிடிலும் டூப் கிடையாது. அவரே வாசிப்பார், பான்ஷீஸ்ல வர்ற அந்த ட்யூன் அவர் போட்டதுதான். ஃபிடிலும் ஒரு நாள்ல வந்த வித்தை இல்லையே.

ஏன் ஹீரோ ஆகலன்னு கேட்டிருக்கீங்க. கேள்வியே தப்பு. 1998-ல ஜான் பூர்மன் எடுத்த 'தி ஜெனரல்' முழுக்க இவர் தோள்லதான் நிக்குது, மார்ட்டின் காஹில்னு டப்ளின்ல நிஜமா இருந்த கொள்ளைக்காரன் ரோல். அந்த ஆளு பூர்மன் வீட்டுலயே ஒரு காலத்துல திருடினவன், அதயும் படத்துலயே வச்சிருக்கார். போலீஸ் பாக்கறப்ப காஹில் விரல விரிச்சு மூஞ்சிய மறைச்சுக்குவான், நடிகன் மூஞ்சிய மறைச்சுக்கிட்டு நடிக்கணும்னா எவ்ளோ கஷ்டம். பூர்மனுக்கு கான் பட விழால பெஸ்ட் டைரக்டர் கெடச்சுது. 'தி கார்ட்', 'கால்வரி' ரெண்டும் லீடுதான். ஹீரோன்னா நீங்க தேடற மூஞ்சி வேற போல, அதுக்கு அவர் பொறுப்பில்ல.

டிவி ஏன் பண்றார்னு நீங்க கேட்டதுக்கு இது ஒண்ணு போதும். 1991-ல டிவில மைக்கேல் காலின்ஸா நடிச்சவர், 1996-ல நீல் ஜோர்டன் பெரிய பட்ஜெட்ல 'மைக்கேல் காலின்ஸ்' எடுத்தப்ப, காலின்ஸ் ரோல் லியாம் நீசனுக்குப் போச்சு, இவருக்கு காலின்ஸோட கூட இருக்கற ஒரு ஆளு ரோல். வந்து நடிச்சுட்டுப் போனார். அப்புறம் 2009-ல 'இன்டு தி ஸ்டார்ம்'னு ஒரு டிவி படம், அதுல சர்ச்சில், அதுக்கு அமெரிக்க டிவி விருது எம்மி வாங்கினார். 1921-ல அயர்லாந்து விடுதலை பத்தி லண்டன்ல பேச்சுவார்த்தை நடந்தப்ப காலின்ஸுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தவர்ல சர்ச்சிலும் ஒருத்தர் தம்பி! அந்த மேஜையோட ரெண்டு பக்கமும் உக்காந்து எந்திரிச்ச நடிகன் இவர். ரெண்டும் டிவிதான். டிவின்னா ஒரு படி கீழங்கற நெனப்ப மொதல்ல தூக்கிப் போடுங்க, 2017-லேருந்து மூணு சீசன் 'மிஸ்டர் மெர்சிடிஸ்' வேற இருக்கு. ஆஸ்கர் நாமினேஷன் மொத தடவை வந்தது 2023-ல, 67 வயசுல. கெடைக்கல. கெடைக்காட்டி என்ன இப்ப?

மே மாசம் ரிசைன் பண்றதப் பத்தி நான் என்ன சொல்ல? உங்க வீட்டு வாடகை எனக்குத் தெரியாது, லோன் இருக்கான்னு தெரியாது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அங்க அவருக்கு ஆர்டிஇ இருந்துச்சு, படம் எடுக்கப் பணம் கொடுக்கற அரசாங்க ஃபிலிம் போர்ட 1987-ல மூடி 1993-ல திரும்பத் தெறந்தாங்க, வரிச்சலுகைய நம்பி 'பிரேவ்ஹார்ட்' மாதிரி படமெல்லாம் அயர்லாந்துல வந்து ஷூட் பண்ணுச்சு, அதுல அவருக்கு ஹேமிஷ் ரோல். வேலைய விட்ட நேரத்துல ரோடு போட்டுட்டு இருந்தாங்க. உங்க பக்கம் என்ன இருக்குன்னு நீங்கதான் பாத்துக்கணும், ரீல்ஸ்காரன் வந்து பாக்க மாட்டான்.

இவ்ளோ எழுதினீங்களே, உங்க குழு என்ன நாடகம் போடுது, அதுல உங்க ரோல் என்ன, ஒரு வரி எழுதலையே? பத்து வருஷமா பாடம் எடுக்கறவர் மேடைல எப்படி நிக்கறார்னு நான் பாக்கணும். எங்க, எத்தன மணிக்குன்னு அனுப்புங்க. ஞாயித்துக்கிழமைதானே, வந்துடறேன். நல்லா இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்வேன், அதுக்கும் ரெடியா இருங்க.

அன்புடன்,
அக்கா