உணவுப் பொட்டலத்தில் அச்சிடப்படும் கார்பன் அளவை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? அது வாங்குபவருக்குப் பயன்படுமா?

உரம், உழவு, சேமிப்பு, வறுத்தல், உறை, போக்குவரத்து, குப்பை என ஒவ்வொரு கட்டத்திலும் வெளியாகும் வாயுக்களைக் கரியமில வாயுவுக்கு நிகரான எடையாக மாற்றிக் கூட்டுவதே முறை. 2007-இல் பிரிட்டனின் வாக்கர்ஸ் சிப்ஸ் பாக்கெட்டில் கார்பன் அளவு 75 கிராம் என்று அச்சானது. அந்தக் கணக்கைப் போட்டபோதுதான், உருளைக்கிழங்குக்கு எடை பார்த்து விலை தரப்பட்டதால் விவசாயிகள் அதை ஈரப்பதமூட்டிய கிடங்குகளில் வைத்திருந்ததும், அந்த நீரை வறுத்து விரட்டவே ஆலையில் கூடுதல் எரிபொருள் செலவானதும் வெளிப்பட்டன. என் பார்வையில், எண்ணின் உண்மையான பயன் அங்கேதான் இருந்தது. கடையில் நிற்பவருக்கோ, 75 என்பது அதிகமா குறைவா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துப் பாக்கெட்டில் எண்ணே இல்லை. ஒவ்வொரு பொருளையும் அளக்கப் பல மாத உழைப்பு தேவைப்பட்டதாலும், மற்ற கடைகள் பின்தொடராததாலும், பிரிட்டனின் பல்பொருள் அங்காடி நிறுவனமான டெஸ்கோ தன் பொருள்களில் அச்சிட்ட கார்பன் முத்திரையை 2012-இல் கைவிட்டது.